எட்டாக இருந்திருக்க வேண்டிய நாலு

போன மாதம் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். வந்திருந்த எல்லோரும் கைப்பேசியில் தொடர்கதை எழுதுகிறவர்கள். பாதியில் மைக் செத்துப்போனதால் நான் சொன்னதில் பாதிதான் உங்கள் காதில் விழுந்தது. விழுந்த பாதி முழுக்க அவருடைய பெருமைதான் என்று ஒரு பெண் கமெண்ட் போட்டதாகக் கேள்வி. உண்மைதான். பெருமையை முதலில் பேசிவிடுவேன். அவமானத்துக்கு வரும்போது மைக் தானாகவே செத்துவிட்டால் நல்லதுதானே. ஆனால் நீங்கள் விடுவதாக இல்லை. மிச்சத்தை எழுதிக் கொடுங்கள் என்று வாட்ஸப்பில் நச்சரிக்கிறீர்கள். இந்தாருங்கள்.

என்னைத் தெரியாதவர்கள் உங்கள் அம்மாவைக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களில் என் பெயர் இல்லாத மாதம் கிடையாது. மாதம் ஒரு முழுக்கதை, சட்டைப்பையில் அடங்குகிற அளவு. எட்டாவது ஃபெயிலான நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத்து மெஷின் ஓட்டிக்கொண்டே முந்நூற்றுப் பதினெட்டு நாவல் எழுதினேன். முந்நூற்றுப் பதினொன்று என்கிறாள் என் மனைவி. மிச்சம் ஏழும் தலைப்பை மாற்றி வந்த பழசாம். வீட்டிலேயே விமர்சகர் இருந்தால் இப்படித்தான்.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. அடுத்தவன் புத்தகத்தை நான் தொட்டதே இல்லை. பேட்டி எடுக்க யார் வந்தாலும், “எனக்கு எழுதத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. எல்லாம் சொந்தச் சரக்கு” என்பேன். கைதட்டல் நிச்சயம். இந்த வாக்கியம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் எங்கள் ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. மாத நாவலை நடத்தியவர் அவர். பெயர் போட்டால் மேலோகத்திலிருந்தும் திருத்தம் அனுப்புவார், அதனால் போடவில்லை. ஆரம்பகாலத்தில் ஒரு கதையில் கதாநாயகனுக்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே வலது கையை உடைத்து மாவுக்கட்டுப் போட்டுவிட்டேன். ஏழாம் அத்தியாயத்தில் அதே கையால் பூந்தமல்லியிலிருந்து லாரி ஓட்டிப்போய் இரண்டு பேரை அறைந்தான். வாசகர் கடிதம் சாக்கு நிறைய வந்தது. கதை போகிற வேகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறார்களே என்று ஆசிரியரிடம் அலுத்துக்கொண்டேன். “வேகமாப் போற பஸ்ல உக்காந்திருக்கிறவன்தான்யா டிரைவரோட கையப் பாப்பான்” என்றார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

என் லேத்துக்கு அடுத்த லேத்து எட்வினுடையது. ஞாயிறு தவறாமல் கோயில், மற்ற ஆறு நாளும் ஓயாத வாய். கம்பெனி அவனை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானில் நகோயாவுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவன் வாயில் அங்கே நடந்த கதைகள்தான். இரண்டு பேரும் அண்ணனூரில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவோம். நடுவில் இரண்டே ஸ்டேஷன். அதற்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லி, வண்டி நிற்கிற நேரம் பார்த்துச் சரியாகக் கதையை நிறுத்துவான். அடுத்த பாகத்துக்கு எப்படிக் கொக்கி போடுவது என்று நீங்கள் வகுப்புக்குப் பணம் கட்டுகிறீர்களாமே, எட்வினிடம் போயிருந்தால் ஒரு டீயோடு முடிந்திருக்கும்.

அப்படி ஒன்பது காலையில் அவன் சொன்ன கதை இது. போர் முடிந்து எரிந்து கிடக்கும் ஊரில் ஒரு தங்கும் விடுதி. வருடா வருடம் பனிக்காலத்தில் ஒரு பெண் அங்கே வந்து, “நாலாம் நம்பர் அறை வேண்டும்” என்று கேட்கிறாள். விடுதிக்காரர் சிரிக்கிறார். அந்த ஊர்ப் பாஷையில் நாலுக்கும் சாவுக்கும் ஒரே ஓசை. எந்த விடுதியிலும் நாலாம் அறை இருக்காது, மூன்றுக்கு அப்புறம் ஐந்துதான். ஆனால் சண்டையிலிருந்து திரும்பிய அவள் புருஷன் எழுதிய கடைசிக் கடிதத்தில், நாலாம் அறையில் தங்கியிருக்கிறேன் என்று இருக்கிறது. போலீசுக்குப் போகிறாள். போலீசும் சிரிக்கிறது. நாலாம் அறை இல்லாததில் அந்த நாட்டில் யாருக்குமே சந்தேகம் வராது. ஒன்பதாம் நாள் காலையில் எட்வின் சுவரை உடைத்தான். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஓர் அறை இருந்தது. அதை விடுதிக்காரர்தான் செங்கல் வைத்து மூடியிருக்கிறார், உள்ளே அவள் புருஷனோடு.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிஜமாகவே நடந்ததா என்று கேட்டேன்.

“இன்னா அண்ணாத்தே இப்டி கேட்டுட்ட? நான் தங்கினு இருந்த தெருலதான் நடந்துது. அந்த லாட்ஜ என் கண்ணால பாத்துகீறேன்” என்றான்.

நடந்த விஷயம் யாருக்கும் சொந்தமில்லை. பேப்பரில் வருகிற கொலையைக் கதையாக்குவதில்லையா? உட்கார்ந்து பத்தே நாளில் எழுதினேன். ஊரை மாற்றுவதில் எனக்கு நிகர் கிடையாது. விடுதியை ஆவடி ரயில் நிலையத்துக்கு எதிரில் லாட்ஜாக்கினேன். உறைபனியை மார்கழிப் பனியாக்கினேன். அவர்கள் குடிக்கும் ஏதோ ஒரு சூப்பை ரசமாக்கினேன், அதில் பெருங்காய வாசனை பக்கத்தைத் தாண்டி வரும். தலைப்பு ‘மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே’. அந்த மாதமே இரண்டாவது தடவை அச்சடித்தார்கள். அம்பத்தூர் வாசகர் மன்றம் எனக்கு விழா எடுப்பதாக அறிவித்தது. பட்டம், ‘சொந்தச் சரக்குச் செம்மல்’.

விழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு இன்லேண்டு லெட்டரை நீட்டினார். பூந்தமல்லியிலிருந்து வந்தது, எழுதியவர் ஷமீமா. அப்பாவின் கடிகார ரிப்பேர் கடையில் பாதியை வாங்கி வாடகை நூல்நிலையம் நடத்துகிற பெண். கடிதத்தில் இருந்தது ஏறக்குறைய இதுதான்:

‘ஆசிரியர் அவர்களுக்கு. நாலாம் அறை சுவருக்குள் இருப்பது எனக்குப் பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. நம் ஊர் லாட்ஜில் நாலாம் நம்பர் இல்லை என்றால் குழந்தைகூட எங்கே போனது என்று கேட்கும். எட்டாம் நம்பர் இல்லை என்று எழுதியிருந்தால் கடைசி வரை யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது, நாம் எட்டைக் கண்டுதானே பயப்படுகிறோம். இந்தக் கதையைக் கட்டியவர் மகா கெட்டிக்காரர், ஆனால் அவருக்குப் பயம் நாலைக் கண்டு. உங்கள் எழுத்தாளர் வண்டி வாங்கியபோது எட்டு வராத நம்பருக்கு அலைந்ததாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இதைக் கட்டியது யார்?’

இரண்டு தடவை படித்தேன். ரசத்தை மாற்றினேன், பனியை மாற்றினேன், கதை எதன் மேல் நிற்கிறதோ அந்த ஆணியை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறேன். இரவல் சட்டை போடுகிறவன் பட்டனை எல்லாம் மாற்றிவிட்டு, காலரில் டோபி போட்ட குறியை அப்படியே விட்ட மாதிரி.

நேரில் போய்ப் பேசிச் சரிக்கட்டிவிடுகிறேன் என்றேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நாம் தப்பு பண்ணப்போகிறோம் என்று அர்த்தம்.

அட்டைப் படத்தில் வருகிற அதே பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். ஷமீமா மைதாப் பசை தடவி ஒரு புத்தகத்துக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “வாங்கண்ணே, பசை காயட்டும், ரெண்டு நிமிஷம்” என்றார். என் வாழ்க்கையில் எந்த வாசகரும் என்னைப் பசைக்காகக் காக்க வைத்ததில்லை.

வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு போன விளக்கத்தைச் சொன்னேன். லாட்ஜ்காரருக்கு எண் ஜோதிடப் பைத்தியம், அவருக்கு மட்டும் நாலு ஆகாது.

“அது எந்தப் பக்கத்துல வருது?”

அதை வாசகரின் ஊகத்துக்கு விட்டிருக்கிறேன் என்றேன்.

“உங்க நாவல் நூத்துக்கு மேல படிச்சிருக்கேன். நீங்க எதையும் ஊகத்துக்கு விட்டதில்ல. வில்லன் கெட்டவன்னு மூணு தடவ சொல்லுவீங்க, நாலாவது தடவ அவனே சொல்லுவான்.”

பக்கத்து மேசையில் கண்ணில் லென்ஸைச் செருகியிருந்த அவர் அப்பா, கடிகாரத்தைப் பார்த்தபடியே சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. இதை யாரிடமெல்லாம் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றார் ஷமீமா. எழுந்து போய் ஒரு ரேக்கைக் காட்டினார். மேல் பலகையில் நீலப் பெயின்டில் என் பெயர், கீழே நாலு தட்டு நிறைய நான். பக்கத்தில் மொழிபெயர்ப்புகளுக்கு ஒரு ரேக், ஒவ்வொரு தட்டிலும் அசல் ஆசிரியரின் பெயர். ‘மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே’ இரண்டிலும் இல்லை. அது மேசை மேல் கிடந்தது.

“இத எங்க வெக்கிறதுன்னு தெரியலண்ணே. உங்க பேருக்குக் கீழ வெச்சா பொய். அங்க வெக்கணும்னா அசல் ஆளோட பேர் வேணும். நீங்க கேட்டுச் சொல்லுங்க, அதுவரைக்கும் மேசையிலயே கிடக்கட்டும்.”

அவ்வளவுதான். திட்டவில்லை, மிரட்டவில்லை. நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் பட்டுச் சட்டை புழுங்கியது.

மறுநாள் அண்ணனூரில் வண்டி ஏறுவதற்கு முன்பே எட்வின் தோளைப் பிடித்தேன். அந்த லாட்ஜ் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டேன். அவன் தண்டவாளத்தைப் பார்த்தான், சிக்னலைப் பார்த்தான்.

“லாட்ஜுன்னு ஒண்ணு கீது அண்ணாத்தே. ஆனா அது வேற லாட்ஜு. கதய அந்த நகோயா ஃபோர்மேன்தான் சொன்னாரு. அது புக்காம். நடந்துதுன்னு சொன்னாத்தான நீ காது குடுத்துக் கேப்ப. புக்குன்னு சொன்னா அந்தாண்ட திரும்பிகினு பூடுவ.”

அவன்மேல் கோபப்பட வழியில்லாமல் போனது. புத்தகம் என்றால் திரும்பிக்கொள்கிற ஆள் நான்தான் என்று ஊர் முழுக்கப் பறையடித்தவனே நான்தானே.

அந்த ஃபோர்மேனிடம் போனில் கேட்டு, எழுதியவர் யார், எப்படிப்பட்டவர் என்று எட்வின் நாலைந்து நாளில் தகவல் சேர்த்தான். பெயரை நான் இங்கே போடவில்லை. அது தப்பு என்று பிற்பாடு தெரிந்தும், என் கை இன்னமும் எட்வின் உச்சரித்த மாதிரிதான் எழுதுகிறது. ஆனால் ஆளைச் சொல்கிறேன். அப்பா வண்டி இழுத்தவர். பள்ளிக்கூடம் பாதியில் நின்று, அச்சாபீசில் எடுபிடி. சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தால் ஊரே கரி. யாரோ எழுதித் தூக்கிப்போட்ட தாளின் பின்பக்கத்தில் கதை எழுதினார். அங்கேயும் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடைகள் இருந்தனவாம். ரயிலில் போகிறவர், மில்லில் வேலை செய்கிறவர் எல்லாம் அங்கேதான் அவரைப் படித்தார்கள். பெரிய இலக்கியக்காரர்கள் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரே நேரத்தில் ஐந்து பத்திரிகையில் ஐந்து தொடர். குழம்பாமல் இருக்கப் பாத்திரங்களின் பெயரைச் சின்னச் சின்ன மரப்பலகையில் எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார், யாராவது செத்தால் பலகையைத் திருப்பிப் போடுவார். அவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது.

ஃபோர்மேன் கம்பெனி ஃபேக்ஸில் ஒரு போட்டோவும் அனுப்பினார். தரையில் குட்டை மேசை, முன்னால் சம்மணம் போட்ட ஆள், காதில் பென்சில். நம் எஸ்டேட்டில் மத்தியான சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் மாதிரியே இருந்தார்.

ஏதாவது புரொபசர் எழுதிய கதையாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது, பெரிய வீட்டு மாந்தோப்பில் ஒரு காய் பறித்த மாதிரி துடைத்துப் போட்டிருப்பேன். இது என்னைப் போலவே ஒருவன் வீடு. அதில் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது, மறைக்கமாட்டேன். அவர் எழுதியது நானூறுக்கும் மேல் என்றான் எட்வின்.

ஆசிரியரிடம் மன்னிப்பு எழுதிக்கொண்டு போனேன். பதினோரு பக்கம். என் ஏழ்மை, எட்வினின் வாய், எண் ஜோதிடம் எல்லாம் அதில் இருந்தன. அவர் சிவப்புப் பேனாவை எடுத்துப் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது, ‘இந்தக் கதை என்னுடையது அல்ல, ஜப்பானில் இன்னார் எழுதியது, அவரைக் கேட்காமல் எடுத்துவிட்டேன்.’

“இவ்வளவுதானா?” என்றேன்.

“ரெண்டாவது வரி எழுதினா அது சாக்குய்யா.”

இந்த வரி பத்திரிகையில் வந்தால் போதும் என்று மனம் கணக்குப் போட்டது. அடுத்த இதழ் வெள்ளிக்கிழமைதான் வரும். விழா அதற்கு முந்தின ஞாயிறு. மாலையை வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஒப்புக்கொண்டால் என்ன? ஆசிரியர் முகத்திலேயே படித்துவிட்டார். “வெள்ளிக்கிழம வர்றது என் பத்திரிகை. ஞாயித்துக்கிழம பேசுற வாய் உன்னோடது. என்ன செய்யணும்னு என்னைக் கேக்காதே” என்றார்.

காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த வித்தையில் நான் கெட்டிக்காரன், எஸ்டேட்டில் எத்தனையோ ஷிப்டு அப்படித் தப்பித்திருக்கிறேன். ஆனால் மேசைமேல் கிடந்த அந்தப் புத்தகம் கண்ணை விட்டுப் போகவில்லை. என் பெயர் எழுதிய ரேக்கு அது. அதில் ஒரு புத்தகம் பொய் என்றால் மற்ற எல்லாவற்றையும் அந்தப் பெண் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாரா மாட்டாரா? என் சொந்தக் கதைகளையும் சேர்த்துத்தான் நான் அடகு வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பேனரில் ‘சொந்தச் சரக்குச் செம்மல்’ என்ற எழுத்து என்னைவிட உயரம். மூன்றாவது வரிசையில் ஷமீமாவும் அவர் அப்பாவும். மன்றச் செயலாளர் பொன்னாடையைப் பிரித்தார். போடுவதற்கு முன் ஒரு வார்த்தை என்று சொல்லி மைக்கைப் பிடித்தேன். அன்றைக்கு மைக் நன்றாக வேலை செய்தது.

அந்த ஒரு வரியைச் சொன்னேன். இரண்டாவது வரி தொண்டை வரைக்கும் வந்தது, முழுங்கினேன்.

பின்வரிசையில் காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆட்டோக்காரர் எழுந்தார். “அப்போ அந்த ரூம்பு மேட்டரு?”

அது அவருடையது என்றேன்.

“அந்தப் பொம்பள வருஷா வருஷம் வர்றது?”

அதுவும் அவருடையது.

“அப்பால உன்னுது இன்னாதான் நைனா கீது அதுல?”

யோசித்துப் பார்த்தேன். “ரசம்” என்றேன்.

மண்டபம் சிரித்தது. என் முந்நூறு நாவலில் நகைச்சுவைக்கென்று நான் எழுதின எந்த இடத்துக்கும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. சிரிப்பு அடங்கிய பிறகும் செயலாளர் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக மடித்தார். தப்பைச் சொன்னால் மன்னித்துத் தோளில் போடுவார்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போடவில்லை. வெறும் தோளோடு வீட்டுக்குப் போனேன். மூன்று மாதம் என் பெயரில் நாவல் வரவில்லை. திருமுல்லைவாயலில் ஒரு வாசகர் தன்னிடம் இருந்த என் புத்தகம் அத்தனையையும் கோணிப்பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த மூன்று மாதத்தில் ஆசிரியர் ஃபோர்மேன் மூலமாக அந்த எழுத்தாளரின் மகளுக்குக் கடிதம் போட்டார். பதில் வந்தது. எட்வின் அதைத் தமிழாக்குவதற்குள் நாலு டீ குடித்தான். அப்பாவின் பெயரைச் சரியாக, உங்கள் பெயருக்கு மேலே போடுங்கள், அப்புறம் வெளியிடலாம் என்று எழுதியிருந்தார். எட்வின் சொல்லியிருந்த பெயரில் எங்கே தப்பு என்பதும் அதில் இருந்தது. பூந்தமல்லிக் கடிதத்தின் விஷயத்தையும் ஆசிரியர் அவருக்கு எழுதியிருப்பார் போல. எங்கள் ஊரில் எட்டு ரொம்ப ராசியான எண், உங்களுக்கு அது ஆகாதா என்று கேட்டிருந்தார். கடிதம் எழுதிய அந்தம்மா சொல்வதுதான் சரி, கதை உங்கள் ஊரில் நடக்க வேண்டுமானால் எட்டாகவே மாற்றிவிடுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

கதை முழுவதையும் உட்கார்ந்து மாற்றினேன். சொல்லக் கூசுகிறது, வாழ்க்கையில் நான் முதல்முதலாக முழுசாகப் படித்த நாவல் அதுதான். எட்டாக்கிப் படித்தபோதுதான் எவ்வளவு பெரிய வேலைக்காரர் அவர் என்று உறைத்தது. அந்தச் சுவர் கடைசிப் பக்கம் வரை அசையவில்லை.

புதுப் பதிப்பை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். இந்தத் தடவை சாதாரணச் சட்டை. ஷமீமா அட்டையில் இருந்த இரண்டு பெயரையும் படித்தார், தலைப்பு ‘ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே’ என்று மாறியிருப்பதைப் பார்த்தார், பத்தாம் பக்கத்தைப் பிரித்தார். பிறகு நின்றபடியே இருபது பக்கம் போய்விட்டார். கூப்பிட்டாலும் கேட்கவில்லை. அவர் அப்பாதான் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

ஒரு பிரதியை என் ரேக்கிலும் வைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

“அதுல உங்க கதை இருக்குண்ணே. இது அவர் கதை” என்று சொல்லி, மொழிபெயர்ப்பு ரேக்கில் காலியாக இருந்த தட்டைத் துடைத்து, நீலப் பெயின்டில் அந்த ஜப்பான்காரரின் பெயரை எழுதினார்.

அந்தத் தட்டில் இன்றைக்கும் ஒரே ஒரு புத்தகம்தான். அதற்கு இதுவரை மூன்று தடவை அட்டை மாற்றி ஒட்டியாகிவிட்டதாம். என் ரேக்கில் அட்டை எல்லாம் இன்னும் புதுசாகவே இருக்கிறது என்று போன வாரம் போனபோது ஷமீமா சொன்னார். பாராட்டுகிறாரோ என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிட்டேன்.